பேதுருவைச் சுமந்தவர்கள்

"விசா வந்துருச்சா?" என்ற கேள்வி இன்று நம் காலனித் தெருக்களுக்கும் வந்துவிட்டது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டிலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிய பிள்ளையின் வீட்டிலும் பெட்டி கட்டித் தயாராக இருக்கும். தாள் மட்டும் வந்திருக்காது. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். போகிறவர், வருகிறவர் எல்லாம் "பொறுமையா இருப்பா, வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு தாளுக்காகக் காத்துக்கிடந்த குடும்பத்தைப் பற்றி இந்த வாரம் பேசலாம். ஆண்டு 1793. நாடு இங்கிலாந்து. செருப்புத் தைத்துப் பிழைத்தவரின் குடும்பம் அது. அவர் பெயர் வில்லியம் கேரி. வங்காளத்தின் செராம்பூரில் அச்சகம் நடத்தியவர், வங்காள உரைநடை வளர்ந்ததில் பங்கு உள்ளவர் என்று வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். கிறித்தவ வட்டாரத்தில் அவரைப் பொறுமைக்கும் விடாமுயற்சிக்கும் உதாரணமாகச் சொல்வார்கள். அவருடைய மனைவி டொரோத்தியைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள். அவர்களுடைய மகன் பேதுருவைக் கல்லறைக்குச் சுமந்தவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு

கேரி 1761இல் நார்த்தாம்ப்டன்ஷயர் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை நெசவாளி, பிறகு ஊர்ப் பள்ளியில் வாத்தியார் ஆனவர். பதின்வயதிலேயே செருப்புத் தைக்கும் ஒருவரிடம் கேரியை வேலை பழக விட்டார்கள். தோலும் ஊசியும் கையில் இருக்க, பக்கத்தில் இலக்கணப் புத்தகம் வைத்து லத்தீனும் கிரேக்கமும் தானாகவே படித்தார். பின்னாளில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது தோல் துண்டுகளைத் தைத்து ஒரு உலக உருண்டை செய்தார் என்றும் சொல்வார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் தோல் வேலை வறுமையைத்தான் கொடுத்தது, தீட்டைக் கொடுக்கவில்லை. செருப்புத் தைத்தவர் அங்கே பாதிரியார் ஆகலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம், யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்கலாம். கேரியின் வறுமையையும் நம் சக்கிலியத் தெருவின் நிலையையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது தவறு. ஆனாலும் படிப்பு எல்லோருக்கும் எட்டவில்லை என்பதில் அந்த ஊரும் நம் ஊரும் ஒன்றுதான். 1781இல் கேரிக்குத் திருமணம் நடந்தது. தேவாலயப் பதிவேட்டில் மணமகள் டொரோத்தி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக்கோடு இருக்கிறது. அவருக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு வைத்த நம் பாட்டிகளுக்கு அந்தக் கோட்டின் பொருள் விளங்கும்.

கம்பெனியின் கதவு

1792இல் கேரியும் அவருடைய நண்பர்களும் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு மிஷன் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் நாள் சேர்ந்த காணிக்கை 13 பவுண்டும் சில்லறையும். இந்தியாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. முன்பே வங்காளத்தில் இருந்துவிட்டு வந்திருந்த ஜான் தாமஸ் என்ற மருத்துவர் கேரியோடு கிளம்பினார்.

அன்றைக்கு இந்தியாவுக்குள் நுழைய அனுமதி கொடுக்கும் அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த ஆங்கிலேயரும் இங்கே கால்வைக்க முடியாது. வந்தால் திருப்பி அனுப்பப்படலாம். வணிகருக்குச் சீட்டு உண்டு, சிப்பாய்க்கு உண்டு. மதபோதகருக்கு இல்லை. சாமி விவகாரத்தில் கைவைத்தால் ஊரில் குழப்பம் வரும், வியாபாரம் கெடும் என்பது கம்பெனியின் கணக்கு. கேரி தரப்பினர் லண்டனில் பலரைப் பார்த்தார்கள். சீட்டு கிடைக்கவில்லை.

டொரோத்தி முதலில் வர மறுத்தார். அவர் நிறைமாதக் கர்ப்பிணி. கையில் மூன்று சிறு பிள்ளைகள். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். சொந்த ஊரைவிட்டு அதிகம் நகராதவர். முகம் தெரியாத நாட்டுக்கு ஐந்து மாதக் கடல் பயணம் போகமாட்டேன் என்று அவர் சொன்னதில் என்ன குற்றம்? கேரி எட்டு வயதுகூட நிரம்பாத மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

1793 ஏப்ரலில் அவர்கள் கப்பல் ஏறினார்கள். பிரான்சோடு போர் மூண்டிருந்ததால் கப்பல்கள் போர்க்கப்பல் துணையில்லாமல் போக முடியாது. துணை வரும்வரை தெற்குக் கடற்கரையில் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அங்கே இருக்கும்போதுதான், வீட்டில் ஆண் குழந்தை பிறந்த செய்தி கடிதமாக வந்தது. உங்களை எல்லாம் என்னோடு வைத்துக்கொள்ள எவ்வளவோ ஏங்குகிறேன், ஆனால் கடமை அதைவிடப் பெரியது என்ற பொருளில் கேரி பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை டொரோத்திக்கு யாராவது படித்துக்காட்டியிருக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் கப்பல் தலைவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. சீட்டு இல்லாதவர்களை ஏற்றியிருக்கிறீர், புகார் போகும் என்று மிரட்டியது. ஜான் தாமஸுக்குக் கடன்காரர்கள் பலர். அவர்களில் ஒருவரின் வேலையாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. பயந்துபோன தலைவர் கேரியையும் ஃபீலிக்ஸையும் தாமஸையும் கரையில் இறக்கிவிட்டார். தாமஸின் மனைவியும் மகளும் மட்டும் அதே கப்பலில் போனார்கள். ஒரு தாள் இல்லாததால் இரண்டு குடும்பங்கள் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரிந்தன.

கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் விவாதம் லண்டன் நாடாளுமன்றத்தில் நடந்துகொண்டிருந்ததும் அதே மே மாதத்தில்தான். அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸ், பள்ளி ஆசிரியர்களையும் மதபோதகர்களையும் இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்யும் பிரிவைச் சேர்க்கச் சொன்னார். கம்பெனி இயக்குநர்கள் கடுமையாக எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. கதவு திறக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

ஒரே நாளில் எடுத்த முடிவு

கேரி உட்கார்ந்து காத்திருக்கவில்லை. டென்மார்க் நாட்டுக் கப்பல் ஒன்று கல்கத்தாவுக்குப் போகிறது என்று தாமஸ் கண்டுபிடித்தார். டேனிஷ் கப்பலுக்குக் கம்பெனியின் சீட்டு தேவையில்லை. இருவரும் இரவோடு இரவாக வண்டி பிடித்து டொரோத்தியின் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கைக்குழந்தைக்கு அப்போது ஒரு மாதம் ஆகியிருக்கும். டொரோத்தி மறுபடியும் மறுத்தார். வீட்டைவிட்டு வெளியே போன தாமஸ் திரும்பி வந்து, குடும்பம் நிரந்தரமாகப் பிரிந்துபோகும், வாழ்நாள் முழுக்க வருந்துவாய் என்று பேசினார். கடைசியில் அவர் இறங்கிவந்தார். தங்கை கிட்டியும் கூட வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வைத்த நிபந்தனை.

ஒரு நாளுக்குள் வீட்டைக் காலிசெய்து, இருந்ததை விற்று, நான்கு பிள்ளைகளோடு புறப்பட்டார்கள். பணம் போதாததால் தாமஸும் கிட்டியும் பணியாளர் கணக்கில் குறைந்த கட்டணத்தில் ஏறினார்கள். 1793 ஜூன் 13 அன்று டோவர் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பி, நவம்பரில் கல்கத்தா சேர்ந்தார்கள்.

கேரியின் வரலாற்றை எழுதிய பழைய ஆசிரியர்கள் பலர் டொரோத்தியைத் தடைக்கல்லாகவே காட்டினார்கள். அவர் தன் தரப்பை எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் மற்றவர்கள் எழுதியதுதான். எழுதத் தெரிந்தவரின் காத்திருப்பு பொறுமை ஆயிற்று. எழுதத் தெரியாதவரின் தயக்கம் குறை ஆயிற்று.

குழி வெட்ட ஆளில்லை

வந்து சேர்ந்த குடும்பத்துக்கு முதல் சில மாதங்கள் கையில் காசில்லை. சரியான வீடும் இல்லை. 1794இல் மால்டா பக்கம் முட்னாபாட்டி என்ற ஊரில், ஒரு அவுரிச் சாயத் தொழிற்சாலையை நிர்வகிக்கும் வேலை கேரிக்குக் கிடைத்தது. சீட்டு இல்லாமல் வந்தவர், அவுரித் தொழில் செய்பவர் என்ற கணக்கில்தான் கம்பெனி எல்லைக்குள் தங்க முடிந்தது.

அந்த ஆண்டே ஐந்து வயதுப் பையன் பேதுரு வயிற்றுக்கடுப்பு வந்து இறந்துபோனான். கேரியும் காய்ச்சலில் கிடந்தார். குழி வெட்ட ஆள் தேடினார்கள். பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்று யாரும் முன்வரவில்லை. கடைசியில் நான்கு முஸ்லிம்கள் குழி வெட்டினார்கள். அதற்காக ஊர்த்தலைவர் அவர்களை ஒதுக்கிவைத்தார். அவர்களோடு யாரும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று கட்டளை போட்டார்.

குழி வெட்டியாயிற்று. தூக்கிப்போக ஆள் வேண்டுமே? பல மைல் தொலைவுக்கு ஆள் அனுப்பியும் ஒருவரும் வரவில்லை. நாமே தூக்கிக்கொண்டு போவோம் என்று பெற்றோர் இருவரும் முடிவுசெய்திருந்த நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சாதியிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒரு பையன். மற்றவர் அந்த வீட்டில் கழிவு அள்ளிய மேத்தர். வடநாட்டில் துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியாரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர்கள்தான் பேதுருவைச் சுமந்து போனார்கள்.

இதைக் கேரியே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் சுமந்தவர்களின் பெயரை எழுதவில்லை. பெரிய சாதிக்காரர்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட நாளில், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் வந்து நின்றது ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கை. கேரியின் பெயரில் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மேத்தரின் பெயர் ஒரு தாளிலும் இல்லை.

மகன் இறந்த அடுத்த ஆண்டில் டொரோத்தியின் மனம் கலங்கியது. அதிலிருந்து அவர் மீளவே இல்லை. 1807 டிசம்பரில் செராம்பூரில் இறக்கும்வரை 12 ஆண்டுகள் அப்படியே போயின. அடுத்த அறையில் மொழிபெயர்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது.

திறந்த கதவும் திறக்காத கதவும்

1799இல் கேரிக்குத் துணையாக இன்னும் சில மிஷனரிக் குடும்பங்கள் சீட்டு இல்லாமலே வந்தன. கம்பெனி அனுமதி மறுத்தது. அவர்கள் ஹூக்ளி ஆற்றங்கரையில் டென்மார்க்குக்குச் சொந்தமான செராம்பூரில் ஒதுங்கினார்கள். நம் தரங்கம்பாடியும் அன்று டென்மார்க்கின் கையில்தான் இருந்தது. இரண்டு ஊர்களையும் 1845இல்தான் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். 1800 ஜனவரியில் கேரியும் செராம்பூர் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதே கம்பெனி, கல்கத்தாவில் தன் அதிகாரிகளுக்கு வங்காளி கற்றுக்கொடுக்க மாதம் 500 ரூபாய் சம்பளத்தில் கேரியை வேலைக்கு வைத்தது. தேவை வந்தால் அதிகாரம் தன் சட்டத்தைத் தானே மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும்.

தேவை இல்லாதபோது அதே சட்டம் ஆளைக் கொல்லும். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு மிஷனரிகள்மீது கெடுபிடி இறுகியது. 1812இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வந்த இளம் மிஷனரித் தம்பதிகளை வெளியேறச் சொன்னார்கள். அவர்களில் ஹாரியட் நியூவெல் என்ற பெண் கடலில் பிரசவித்த குழந்தையை இழந்து, மொரீஷியஸ் தீவில் 19 வயதில் இறந்துபோனார். மறு ஆண்டு, 1813 சாசனச் சட்டத்தில், மிஷனரிகளுக்கு வழி திறந்தது. 1833இல் சீட்டு முறையே எடுக்கப்பட்டது.

ஆக, 40 ஆண்டுகளில் கம்பெனியின் கதவு திறந்துவிட்டது. சாதியின் கதவு?

செராம்பூரில் ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 1800 டிசம்பரில் தச்சர் கிருஷ்ண பால் மிஷனரிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகே ஞானஸ்நானம் பெற்றார். சாதியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அங்கே விதி. 1803இல் கிருஷ்ண பாலின் மகளைப் பிராமணராகப் பிறந்த ஒரு கிறித்தவர் மணந்தார். அதே ஆண்டு கோகுல் என்ற சபையார் இறந்தபோது சவப்பெட்டியை நான்கு பேர் தோள்கொடுத்துச் சுமந்தார்கள். ஒருவர் மார்ஷ்மன் என்ற ஆங்கிலேயர். ஒருவர் பிராமணராகப் பிறந்தவர். ஒருவர் முஸ்லிமாகப் பிறந்தவர். நான்காமவர் ஃபீலிக்ஸ் கேரி. கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட அதே பையன். தம்பியின் உடலைத் தூக்க ஆளில்லாமல் பெற்றோர் தவித்ததைப் பார்த்தவன்.

நம் பக்கம் நிலைமை வேறு. செராம்பூருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1706இல் தரங்கம்பாடியில் மிஷன் தொடங்கியது. ஆனால் தேவாலயத்துக்குள் சாதிக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்கார வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இளம் மிஷனரிகள் அந்தப் பிரிவினையை எடுக்க முயன்றபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய புலவரே பிரிவினைக்கு ஆதரவாக எழுதினார். தமிழ் படித்தவள் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பலர் சாதியை விடவில்லை. சபையை விட்டுப் போனார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவரை இடிக்கச் சொல்லி நம் மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் காத்திருக்கிறார்கள்?

இன்றைக்கு நீண்ட காலமாக ஒரு தாளுக்குக் காத்திருப்பவர்கள் யார் என்று கேட்டால், தலித் கிறித்தவர்கள் என்பேன். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சேராதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். 2004 முதல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. மதத்தைப் பார்க்காமல் தகுதி கொடுக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். ஊரில் தெரு மாறவில்லை, சுடுகாடு மாறவில்லை; சாதிச் சான்றிதழில் மட்டும் ஆள் மாறிவிட்டார் என்கிறது அரசு. 1950இல் பிறந்த குழந்தைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடமும் "பொறுமையா இரு" என்றுதான் சொல்கிறார்கள்.

பொறுமை நல்ல குணம்தான். ஆனால் காக்க வைக்கிறவர் காத்திருப்பவருக்குச் சொல்லும் பொறுமையை நம்பக் கூடாது. கேரியின் கதையைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறு மூன்று பாடங்கள் தெரிகின்றன. ஒரு கப்பலில் இறக்கிவிட்டால் அடுத்த கப்பலைத் தேட வேண்டும். காத்திருப்பின் விலையை வீட்டில் யார் கொடுக்கிறார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களாகவே இருக்கும். நம் தரப்பை நாமே எழுதி வைக்க வேண்டும்.

மாணவர்களுக்குக் கடைசி வார்த்தை உங்கள் வீட்டைப் பற்றியது. மேற்படிப்புக்கு வெளிநாடு போக விண்ணப்பித்திருப்பவர்கள் தாள்களையெல்லாம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தாமதமானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கேட்பது உரிமை. தாள் வரும்வரை உள்ள நாள்களில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பாட்டியின் அருகில் உட்காருங்கள். அவர் யாருக்காகக் காத்திருந்தார், எந்தக் கதவுக்கு வெளியே நின்றார், யாரைச் சுமந்து போனார் என்று கேட்டு எழுதுங்கள். முதல் வரியில் அவருடைய பெயரை எழுதுங்கள்.